மெதுவா விடு

என் கணவர் முப்பது வருஷத்துக்கு மேல் கியர் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். ஊரில் ஓடுகிற பாதி லாரிகளுக்குள் தான் சரிபார்த்து அனுப்பிய பல்சக்கரம்தான் சுற்றுகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் அவர் கையால் கியர் போட்டு ஓட்டியது ஸ்கூட்டரையும், எப்போதாவது கம்பெனி ஜீப்பையும்தான். அந்த ஸ்கூட்டரும் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்தபோது களவு போயின.

இரண்டாவது ஸ்கூட்டர் போனதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கு வாகன யோகம் இல்லை, சம்சாரத்துக்கு அமோகமாக இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எது வந்தாலும் என் பெயரில்தான். வாகனம் என் பெயரில், ஓட்டுவது அவர் என்று ஒரு நல்ல ஏற்பாடு. எனக்கு யோகம் இருக்கிறது என்று கேட்டதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ரிடையரான பிறகு குரோம்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் மூடி போட்டு நின்றிருந்த கிரீம் கலர் ஜெர்மன் காரைப் பார்த்து மயங்கிவிட்டார். எங்கள் கல்யாணத்தைவிட மூத்த கார். அவர் அதை விண்டேஜ் என்பார். எதிர்வீட்டுக்காரர் "உங்க பழைய கார்" என்பார், அன்று முழுக்க இவருக்குச் சாப்பாடு இறங்காது. மயக்கத்தில் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங் ஓரத்தில் ஒரு குச்சி, அதன் மேல் பி, ஆர், என், டி என்று ஆங்கில எழுத்துகள், எந்த எழுத்தில் இருக்கிறோம் என்று காட்ட ஒரு சின்ன சிவப்பு அம்பு. அவ்வளவுதான். கியர் செய்தே காலம் தள்ளிய மனிதருக்குக் கியரே போட வேண்டாத கார் வாய்த்தது, அல்வாக் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்த மாதிரி.

எனக்கோ அது சாமி கொடுத்த வரம். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தேன். எனக்கும் கிளட்சுக்கும் ஒத்துப்போகவில்லை. நான் காலை எடுத்தால் வண்டி ஒரு குதி குதித்து உயிரை விடும். லைசென்ஸ் டெஸ்டில் கிளட்சை மிதித்தது பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளரின் கால்தான். அவர் பக்கமும் ஒரு பெடல் உண்டு அல்லவா. லைசென்ஸில் என் போட்டோ இருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் அவர் காலின் போட்டோவும் இருந்திருக்க வேண்டும். போகும்போது அவர் அன்பாகச் சொன்னார், "மேடம், லைசென்ஸ் வாங்கியாச்சு. பத்திரமா பீரோல வெச்சிடுங்க."

பீரோவில் இருந்த லைசென்ஸை அந்த ஜெர்மன் கார்தான் வெளியே எடுத்தது. பி என்றால் படு. ஆர் என்றால் ராகு காலம், முன்னால் போகாதே. என் என்றால் என்னைத் தொந்தரவு செய்யாதே. டி என்றால் டுர்ரென்று போ. ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டேன். "இடது காலை மறந்துடு" என்று கணவர் சொன்னார், நானும் மறந்தேன். இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் என் டிபன் பையை வைத்துக்கொள்வேன்.

அந்தக் கார் எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே அரசாங்கக் குடியிருப்பில் ஒரு பொது அறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறேன். வாரத்தில் மூன்று நாள். செம்பாக்கத்திலிருந்து தூரம் ஒன்றும் அதிகமில்லை, ஆனால் துணி மூட்டை, கத்தரி, பேப்பர் கட்டிங், சில நாள் ரிப்பேரான மெஷின் தலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேடவாக்கத்தில் பஸ் மாறிப் பார்த்தவர்களுக்குத் தூரம் என்றால் என்னவென்று தெரியும். அதனால் காரைத் தனியாக எடுத்துப் போகிற தைரியம் வரும்வரை, நான் கணவரிடம் கேட்பேன். "கொஞ்சம் என்னைப் பெரும்பாக்கத்துல விட்டுட்டு வர்றீங்களா?"

அவர் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன். "இரு, பேப்பரை முடிச்சிட்டு வரேன்" என்பார். பேப்பரை அவர் எங்கே முடிப்பார்? முதல் பக்கம், தலையங்கம், விளையாட்டு, கண்ணீர் அஞ்சலி, கடைசியில் டெண்டர் விளம்பரம். ஏதோ ஒரு ஊராட்சியில் சிறுபாலம் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள் என்பதை அவர் படித்து முடிக்கிற வரை நான் மூட்டையோடு வாசலில் நிற்பேன். அங்கே பெண்கள் எனக்காக உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ நாள் அப்படி நின்றிருக்கிறேன். பிறகு ஒருநாள் சாவியை நானே எடுத்தேன், டியில் போட்டேன், போனேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் நான் விளக்க முயன்றதில்லை. செம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு போவேன்.

போன வருஷம் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. டியில் போட்டால் இன்ஜின் கத்தும், வண்டி யோசிக்கும், பிறகு மனசு வந்தால் நகரும். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் மெக்கானிக் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். கையெல்லாம் கருகிய எண்ணெய்.

"பொட்டி போச்சுக்கா," என்றார். கியர் பாக்ஸைத்தான் அவர் பொட்டி என்பார். "உள்ள பிளேட்டு எல்லாம் எரிஞ்சி கீது. ரெண்டு வழி கீது. கோயம்புத்தூர்ல ஒரு ஆளு கீறாரு, இந்த மாரி பழைய ஆட்டோமேட்டிக் பொட்டிய பிரிச்சி ரெடி பண்ணுவாரு. ஆனா லேட்டாவும். இல்லாங்காட்டி, இதே கம்பெனி வண்டியோட மேனுவல் பொட்டி ஒண்ணு நம்மகிட்ட பழசுல கீது. கிளட்சு, பெடலு எல்லாம் மாட்டி மாத்திடலாம். வண்டி ஓட்றது நீங்கதானே, நீங்க சொல்லுங்க. இன்னா பண்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் பதில் சொன்னார். "மேனுவலே போட்டுடுங்க பாய். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு களை. பாய் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று அந்த இடத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் மெக்கானிக் ஷெட்டில் நின்றுகொண்டு புருஷனை மடக்குவது எனக்குப் பழக்கமில்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் வீடுதான் சரிப்படும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எனக்குக் கிளட்ச் வராதே, நான் எப்படிப் பெரும்பாக்கம் போவேன்?"

"சரி விடு. கத்துக்கலாம். அதுவரைக்கும் நான் விட்டுட்டு வரேன்," என்றார். ஒரே மூச்சில் இரண்டு விடு. 'விடு' என்பது எங்கள் வீட்டில் நிறைய வேலை செய்கிற வார்த்தை. என் பேச்சை முடித்து வைக்கவும் அதுதான், என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் அதுதான். முதல் வேலை உடனே நடந்துவிடும். இரண்டாவதற்குப் பேப்பர் முடிய வேண்டும்.

பெட்டி மாற்றுகிற வேலை இழுத்துக்கொண்டே போனது. பெட்டி மாறினால் பின்சக்கரத்துக்குப் போகிற நீண்ட தண்டு அளவு மாறுமாம், அதை வெட்டி ஒட்ட வேண்டுமாம். கியர் குச்சிக்குத் தரையில் ஓட்டை போட வேண்டுமாம். தினமும் கணவர் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி ஷெட்டுக்குப் போனார். சாயங்காலம் வந்து, எந்தப் பல்லும் எந்தப் பல்லும் எப்படிக் கடிக்கும் என்று விரல்களைக் கோத்துக் காட்டினார். நான் இரண்டு பஸ் மாறி, மூட்டையோடு, சில நாள் போனேன், சில நாள் போகவில்லை. வகுப்புக்கு வருகிற பெண் ஒருத்தி போன் செய்தாள். "இன்னாக்கா, கார் ரிப்பேரா, நீங்க ரிப்பேரா? பாதிப் பேரு வேற வேலைக்குப் பூட்டாங்க. நீங்க வர்றதா இல்லையான்னு சொல்லிடுங்க, நாங்க சும்மா வந்து வந்து உக்காந்துகினு கீறோம்." கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் வகுப்பு என் கண் முன்னால் பிரிந்துகொண்டிருந்தது, பழைய தையல் பிரிகிற மாதிரி, ஒரு பக்கத்திலிருந்து.

ஒருவழியாக வண்டி வந்தது. தரையிலிருந்து ஒரு குச்சி முளைத்திருந்தது. என் டிபன் பை இருந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு பெடல். ஸ்டீயரிங் ஓரத்தில் இருந்த எழுத்துகளையும் அம்பையும் பாய் அப்படியே விட்டுவிட்டார், எடுத்தால் டேஷ்போர்டு அசிங்கமாகிவிடும் என்று. அதனால் அம்பு எப்போதும் டியிலேயே நிற்கும், வண்டி நின்றாலும், ஓடினாலும், செத்தாலும். கணவர் ஓட்டிக் காட்டினார். எங்கள் தெரு முனை வருவதற்குள் மூன்று கியர் போட்டார், அங்கே திரும்ப வேண்டியிருந்ததால் மூன்றையும் திரும்ப எடுத்தார். "இதுக்குப் பேருதான் ஓட்டறது," என்றார்.

பிறகு எனக்குப் பாடம். காலையில் ஏரிக்கரை ரோட்டில், வாக்கிங் போகிறவர்கள் முன்னிலையில். அவர் பக்கத்து சீட்டில். முதல் நாள் சாவியைத் திருப்பினேன், வண்டி தவளை மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. முன்பெல்லாம் கியரில் இருந்தால் ஸ்டார்ட்டே ஆகாது, புதுப் பெட்டிக்காகப் பாய் அப்படித் தடுக்கிற வயரை நேராகக் கொடுத்துவிட்டார். அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் ஆரம்பித்தது. "கிளட்சை விடு! விடு! மெதுவா விடு! ஐயோ, ஏன் விட்ட?"

விடு என்றதால் விட்டேன். விட்டதால் செத்தது. "மெதுவான்னா எவ்ளோ மெதுவா?" என்று கேட்டேன். "ஹாஃப் கிளட்ச்! பாதி!" என்றார். எதில் பாதி என்று கேட்டால் கோபம் வரும். பல்லும் பல்லும் கடிப்பதை விரலால் காட்டத் தெரிந்த மனிதருக்கு, என் கால் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை. இரண்டு வாரம் இப்படி. வாக்கிங் போகிற ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் எதிர்ப் பக்கம் மாறி நடக்க ஆரம்பித்தார். ஒருநாள் நான் நடு ரோட்டில் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். "சரி விடு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "உனக்கு வராது. நானே உன்னை விட்டுட்டு வரேன்." அவர் வன்மமாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

பெரிய வேலை முடிந்த வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்றார். எந்தக் கோவில் என்று கேட்கவே வேண்டாம். முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்ட நரசிம்மர். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம், அவர் ஓட்ட, நான் பக்கத்தில். செருப்புகளை வண்டியிலேயே கழற்றிவிட்டு இறங்கினோம். தரிசனம் முடிந்து, வாசலில் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி ஏறி அதை நசுக்கினால்தான் பூஜை முடியும்.

"வண்டி யார் பேர்ல?" என்று பட்டர் கேட்டார்.

"இவங்க பேர்லதான்," என்றார் கணவர், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே.

"அப்ப அவங்களே எடுக்கட்டும். யார் பேர்ல வண்டியோ அவங்க ஏத்தினாத்தானே விசேஷம். வாங்கோம்மா."

ஜோசியர் போட்ட முடிச்சு இத்தனை வருஷம் கழித்து இப்படி வந்து இறுகும் என்று கணவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பட்டரிடம் மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, மனைவிக்கு ஓட்ட வராது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லவும் முடியாது. சாவி என் கைக்கு வந்தது. உட்கார்ந்தேன். முதல் தடவை வண்டி நின்ற இடத்திலேயே உலுக்கிச் செத்தது. எலுமிச்சம்பழம் அசையவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. பூ விற்கிற அம்மா வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். பின்னால் புது டெம்போ ஒன்று பூஜைக்குக் காத்திருந்தது, அதில் வந்த குடும்பமே இறங்கி வேடிக்கை பார்த்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. இங்கே செத்தால் இனிமேல் சாவியைத் தொடவே மாட்டேன், பெரும்பாக்கம் அவ்வளவுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கோவிலுக்குள்ளே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். கணவர் முன்னால் கொஞ்சம் தள்ளி நின்று என்னவோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. கத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது பாதத்தைத் தரையில் அழுத்திக் காட்டினார். குதிகாலைத் தரையிலேயே வைத்து, முன்பாதத்தை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக உயர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கேயே நின்றார். அத்தனை கூட்டத்தில், ஒற்றைக் காலில் தாளம் போடுகிறவர் மாதிரி.

நானும் வெறுங்கால். அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே என் பாதத்தைத் தூக்கினேன். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். பெடலுக்கு அடியில் ஏதோ ஒன்று கடித்தது, காலுக்குத் தெரிந்தது. வண்டி முனகியது, சாகவில்லை. பச்செக் என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கணவர் ஒதுங்கி நின்று குழந்தை மாதிரிச் சிரித்தார்.

நான் நிற்கவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்க வராது என்று பயந்துதான் நிற்கவில்லை என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பிரேக் பழைய இடத்திலேயேதான் இருந்தது. கண்ணாடியில் அவர் மாலைப்பூ சிதறிய ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடி வருவது தெரிந்தது. அவருடைய செருப்பும் பர்ஸும் பக்கத்து சீட்டில் இருந்தன.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினேன். மறைமலைநகர் வரை இரண்டாவது கியர். கூடுவாஞ்சேரியில் மூன்றாவது போட்டேன், தானாகவே வாய்விட்டு "போட்டாச்சு" என்று சொன்னேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, வண்டி ஓட்டும்போது போன் எடுப்பது தவறு. பெருங்களத்தூர் சிக்னலில் செத்துவிட்டது. பின்னால் ஹாரன் மழை. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார். "இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?"

சொல்லவில்லை. வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவிலில் வெறுங்காலோடு நிற்கிறார். குதிகாலைத் தரையில் ஊன்றினேன், முன்பாதத்தை மெதுவாகத் தூக்கினேன். கடித்தது. போனேன்.

வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அம்பு டியில் நின்றது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து ஒரு பாட்டம் அழுதேன், துக்கத்தில் இல்லை. நாளைக்குப் பெரும்பாக்கம் போகலாம், நாளை மறுநாளும் போகலாம். வகுப்புப் பெண்ணுக்கு உடனே போன் போட்டு "எல்லாரையும் வரச் சொல்லு" என்றேன். "ரிப்பேரெல்லாம் சரியாயிடுச்சாக்கா?" என்றாள். ஆயிடுச்சு என்றேன்.

முகம் கழுவிவிட்டு வரும்போது மறுபடி போன். இந்தத் தடவை எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"வீட்ல."

"வண்டி?"

"வண்டியும் வீட்லதான்."

"கிளட்ச் கருகின வாசனை வந்துதா?"

"பெருங்களத்தூர்ல வந்துது. அப்புறம் வரல."

"பரவால்லயே," என்றார். அந்தக் குரலில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் போன்லயே டிக்கெட் எடுத்து டிரெயின்ல தாம்பரம் வந்துட்டேன். ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன். கால்ல செருப்பு இல்ல, தரையெல்லாம் சுடுது. கொஞ்சம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

ஷேர் ஆட்டோ கிடைக்காத ஊரா தாம்பரம்? கையில் போன் இருக்கிறது, கூப்பிட்டால் ஆயிரம் வண்டி வரும். இருந்தாலும் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு மனசு கரைந்துதான் போயிற்று. சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது டீப்பாய் மேல் மடிப்புக் கலையாமல் கிடந்த அன்றைய பேப்பர் கண்ணில் பட்டது.

"இருங்க," என்றேன். "பேப்பரை முடிச்சிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். தலையங்கம், விளையாட்டு, கண்ணீர் அஞ்சலி. ஏதோ ஒரு பேரூராட்சியில் குடிநீர்த் தொட்டிக்குச் சுற்றுச்சுவர் கட்ட ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தார்கள். நிழல் பார்த்து நின்றுகொண்டு, நான் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும்.